பிப்ரவரிச் சம்பளம்

தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் பிப்ரவரி மாதம் ஆசிரியர்கள் அதிகம் நடமாடும் இடம் அலுவலக அறை. செய்முறைத் தேர்வும் பொதுத்தேர்வு ஏற்பாடும் ஒரு பக்கம் நடந்துகொண்டிருக்க, எல்.ஐ.சி. ரசீது, தபால் நிலையப் பாஸ் புத்தகம், பிள்ளைகளின் பள்ளிக் கட்டண ரசீது எல்லாவற்றையும் ஒரு பிளாஸ்டிக் பையில் திணித்துக்கொண்டு ஒவ்வொருவராக வருவார்கள். பிப்ரவரிச் சம்பளப் பட்டியல் கருவூலத்துக்குப் போகும்போது ஒவ்வொருவருடைய வருமான வரிக் கணக்கும் கூடவே போக வேண்டும். கணக்கில் மிச்சமிருக்கும் வரி முழுவதையும் அந்த ஒரு மாதச் சம்பளத்திலேயே பிடித்துவிடுவார்கள்.

விருதுநகர்ப் பக்கத்து அரசு மேல்நிலைப் பள்ளி ஒன்றில் அந்தக் கணக்குகளையெல்லாம் போட்டுக்கொடுத்தவர் ஓர் எழுத்தர். 1989ல் இளநிலை உதவியாளராக வேலைக்குச் சேர்ந்தவர். பள்ளியில் எல்லோருக்கும் அவர் ‘கிளார்க் சார்’. ஓய்வு பெற்ற பிறகும் பிப்ரவரி வந்தால் பழைய ஆசிரியர்கள் பையோடு அவர் வீட்டுத் திண்ணைக்கு வந்துவிடுகிறார்கள். அவருடைய நினைவில் இருப்பது வரிச் சட்டத்தின் வரலாறு மட்டுமல்ல. மாதச் சம்பளம் வாங்கும் குடும்பங்கள் எப்படிச் சேர்த்தன, எங்கே இழந்தன, எதைப் பார்த்துப் பயந்தன என்பதும் அதில் இருக்கிறது.

அவர் சேர்ந்த புதிதில் அந்தப் பள்ளியில் வரி கட்டியவர்கள் ஒன்றிரண்டு பேர்தான். ஆண்டு வருமானம் 18,000 ரூபாய் வரை வரி கிடையாது. சம்பளக்காரர்களுக்கான நிலைக்கழிவையும் (ஸ்டாண்டர்டு டிடக்‌ஷன்) எடுத்துவிட்டால் சாதாரண ஆசிரியருக்கு வரி வராது. தலைமையாசிரியருக்கு வந்தது. அவர் வரலாறு படித்தவர். வரிப் படிவத்தை முன்னால் வைத்துக்கொண்டு இளம் எழுத்தருக்கு ஒரு பாடமே நடத்தினார். 1857 கிளர்ச்சியை அடக்கியதில் கஜானா காலியானதால், 1860ல் பிரிட்டிஷ் இந்திய அரசின் நிதி உறுப்பினர் ஜேம்ஸ் வில்சன் இந்த வரியை இங்கே கொண்டுவந்தது; 1922ல் ஒரு சட்டம், 1961ல் இன்னொரு சட்டம் வந்தது; 1973ஆம் ஆண்டு வாக்கில் மிக உயர்ந்த வருமானத்துக்கு மிகைவரியும் சேர்த்து நூற்றுக்கு 97 ரூபாய் 75 காசு வரை வரி போட்டது, எல்லாவற்றையும் சொன்னார். கடைசியில் சொன்னதுதான் எழுத்தருக்குப் பயன்பட்டது. “தம்பி, மொத்தச் சம்பளத்தைப் பாத்து மலைக்காதீங்க. கழிக்க வேண்டியதக் கழிங்க. மிஞ்சுறத அடுக்கடுக்காப் பிரிங்க. ஒவ்வொரு அடுக்குக்கும் அதனதன் விகிதம். அம்புட்டுத்தான்.”

1990களின் நடுவில் நிலைமை மாறியது. அகவிலைப்படி ஏறிக்கொண்டே போனது, ஊதியக்குழுவும் வந்தது. நிறையப் பேர் வரி வரம்புக்குள் வந்துவிட்டார்கள். 1997ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டத்தில் நிதியமைச்சர் ப. சிதம்பரம் விகிதங்களை 10, 20, 30 என்று இறக்கினார். 40,000 ரூபாய் வரை வரி இல்லை. அதற்கு மேல் 60,000 வரை 10 சதவீதம், 1,50,000 வரை 20, அதற்கும் மேலே 30. ஆண்டுக்கு 1,10,000 ரூபாய் சம்பளம் வாங்கிய ஒரு மூத்த ஆசிரியரின் கணக்கு கிளார்க் சாருக்கு இன்றும் மனப்பாடம். நிலைக்கழிவு 20,000 போக மிச்சம் 90,000. முதல் அடுக்கில் 2,000, அடுத்த அடுக்கில் 6,000, ஆக வரி 8,000.

இந்த எட்டாயிரத்தைக் கட்டாமல் இருக்கவும் ஒரு வழி இருந்தது. 88ஆம் பிரிவின்படி சேமநல நிதி, ஆயுள் காப்பீடு, தேசிய சேமிப்புப் பத்திரம் ஆகியவற்றில் போட்ட தொகையில் 20 சதவீதத்தை வரியிலிருந்தே குறைத்துக்கொள்ளலாம். நாற்பதாயிரம் ரூபாய் சேமித்தால் எட்டாயிரம் குறையும். அந்த ஆசிரியருக்குச் சேமநல நிதியும் காப்பீடும் சேர்ந்து 28,000 ஏற்கெனவே பிடித்தமாகியிருந்தது. இன்னும் 12,000 ரூபாய்க்குப் பத்திரம் வாங்கினார். வரி பூஜ்யம்.

அந்தக் காலத்துத் தேசிய சேமிப்புப் பத்திரம் தந்ததை இன்றைக்கு எந்த அரசுத் திட்டமும் தருவதில்லை. ஆயிரம் ரூபாய் போட்டால் ஆறு ஆண்டில் 2,015 ரூபாய் கிடைக்கும். அந்த ஆயிரத்திலும் 200 ரூபாய் வரியில் திரும்பிவிடும். ஆக, கையிலிருந்து போனது 800, வந்தது 2,015. பள்ளிக்கு வந்துபோகும் சிறுசேமிப்பு முகவர் அம்மாவுக்கு பிப்ரவரி கடைசி வாரத்தில் உட்கார நேரம் இருக்காது.

இங்கேதான் கிளார்க் சார் கவனித்த முக்கியமான ஒன்று இருக்கிறது. அறிவியல் ஆசிரியர் ஒருவரும் தொடக்கப் பள்ளியில் வேலை பார்த்த அவர் மனைவியும் ஆண்டுதோறும் வரிக்காகவே பத்திரம் வாங்கிவந்தார்கள். அதைக் குடும்பத் திட்டமாக அவர்கள் நினைக்கவே இல்லை. வரிக்காக வாங்கினார்கள், பீரோவில் வைத்தார்கள், மறந்தார்கள். ஆறு ஆண்டு கழிந்ததும் ஆண்டுக்கு ஒரு பத்திரமாக முதிரத் தொடங்கியது. மகள் கல்லூரியில் சேர்ந்த ஆண்டில் ஒன்று, அடுத்த ஆண்டு விடுதிக் கட்டணத்துக்கு ஒன்று. யாரிடமும் கைமாற்று வாங்காமல் ஒரு பெண்ணின் பட்டப்படிப்பு முடிந்தது. அந்த வீட்டுக்குச் சேமிப்பைக் கற்றுக்கொடுத்தது வரி பற்றிய பயம்தான்.

எல்லா வீடுகளிலும் அப்படி நடக்கவில்லை. அதே ஆண்டுகளில் ஊருக்கு ஊர் நிதி நிறுவனங்கள் முளைத்தன. நூற்றுக்கு 24, 30, 36 என்று வட்டி சொன்னார்கள். சேமநல நிதியில் முன்பணம் எடுத்து அங்கே போட்ட ஆசிரியர்கள் உண்டு. கிளார்க் சாரோடு டீ குடிக்க வரும் உடற்கல்வி ஆசிரியர், தங்கை கல்யாணத்துக்கு வைத்திருந்த பணத்தைப் போட்டார். மாதம் தவறாமல் சில மாதங்கள் வட்டி வந்தது. பிறகு ஒருநாள் அலுவலகம் பூட்டிக் கிடந்தது. இத்தகைய நிறுவனங்கள் வரிசையாகக் கவிழ்ந்த பிறகுதான் 1997ல் முதலீட்டாளர் நலன் பாதுகாப்புக்கென்றே தமிழ்நாடு அரசு தனிச் சட்டம் கொண்டுவந்தது. சட்டம் வந்தாலும் பணம் திரும்ப வருவதற்கு வழக்கும் ஏலமும் முடிய வேண்டும். பாவம், அந்தத் தங்கையின் கல்யாணம் நகைக் கடனில்தான் நடந்தது. அன்று தபால் நிலையம் 12 சதவீதம் கொடுத்துக்கொண்டிருந்தது. அதைப்போல் இரண்டு மூன்று மடங்கு ஒருவன் தருகிறேன் என்றால், அந்தப் பணத்தை அவன் எங்கே சம்பாதிக்கிறான் என்று கேட்டிருக்க வேண்டும். இந்தக் கேள்வியை இன்றைக்கும் கேட்க வேண்டியிருக்கிறது.

கிளார்க் சாருக்குப் பெரிய மனக்குறை ஒன்று உண்டு. அது பிப்ரவரிச் சம்பளம் பற்றியது. பதினோரு மாதம் ஒரு ரூபாய் வரி பிடிக்காமல் முழுச் சம்பளம் வாங்கிவிட்டு, பன்னிரண்டாம் மாதம் மொத்தத்தையும் கொடுக்கும் பழக்கம் எப்படியோ வேரூன்றிவிட்டது. சட்டம் அப்படிச் சொல்லவில்லை. ஆண்டுச் சம்பளத்தை முன்கூட்டியே மதிப்பிட்டு, மாதாமாதம் சராசரியாகப் பிடிக்க வேண்டும் என்றுதான் 1961ஆம் ஆண்டுச் சட்டத்தின் 192ஆம் பிரிவு சொன்னது. ஆனால் யாரும் கேட்கவில்லை. விளைவு, மார்ச் மாதம் பல வீடுகளில் அரிசிக் கடை பாக்கி நிற்கும். கழுத்துச் சங்கிலி கூட்டுறவு வங்கிக்குப் போகும். சில ஆண்டுகளில் சில ஆசிரியைகள் பிப்ரவரிச் சம்பளமாக நூற்றுக்கணக்கில் மட்டுமே கையெழுத்துப் போட்டு வாங்கியதை அவர் பார்த்திருக்கிறார்.

“என்ன சார், இந்த மாசம் சம்பளமே இல்லையா?” என்று ஓர் ஆசிரியை கேட்டார்.

“இருக்கு டீச்சர். பதினோரு மாசம் உங்ககிட்டயே இருந்துச்சு. இப்ப மொத்தமாப் போகுது.”

அதற்குப் பிறகு அவர் ஒரு காரியம் செய்தார். ஏப்ரல் விடுமுறைக்கு முன்பே ஒவ்வொருவருக்கும் ஒரு முழுத்தாளில் வரப்போகும் ஆண்டின் உத்தேசக் கணக்கைப் போட்டுக் கொடுத்தார். ஆண்டுச் சம்பளம் இவ்வளவு வரும், ஜூலையில் ஊதிய உயர்வு, அகவிலைப்படி கூடலாம், வரி ஏறக்குறைய இவ்வளவு, மாதம் இவ்வளவு பிடித்தால் பிப்ரவரியில் நிம்மதி. எழுதிக் கொடுத்தால் பிடிக்கலாம் என்றார். முதல் ஆண்டு எழுதிக் கொடுத்தவர்கள் சிலர்தான். அடுத்த பிப்ரவரியில் அவர்கள் முழுச் சம்பளம் வாங்கியதைப் பார்த்த மற்றவர்கள் தாங்களாகவே வந்தார்கள். பணியாளர்களுக்கு ஓர் அலுவலகம் செய்யக்கூடிய மிகப் பெரிய உதவிகளில் இது ஒன்று. செலவே இல்லாதது.

வரி பற்றிய பயங்களில் அடிக்கடி வந்தது அடுக்கு தாண்டும் பயம். 2012-13ஆம் நிதியாண்டில் 2 லட்சம் வரை வரி இல்லை, 5 லட்சம் வரை 10 சதவீதம், அதற்கு மேல் 10 லட்சம் வரை 20 சதவீதம். கழிவெல்லாம் போக 5,10,000 ரூபாய் வந்து நின்ற முதுகலை ஆசிரியர் ஒருவர் முகம் வாடி உட்கார்ந்திருந்தார். “அஞ்சு லட்சத்தத் தாண்டிட்டேன். இனிமே மொத்தத்துக்கும் இருபது பர்சன்டா சார்?” ஒரு லட்சம் ரூபாய் வரி என்று அவராகவே கணக்குப் போட்டுவிட்டு, பதவி உயர்வே வேண்டாமோ என்று யோசிக்கிற அளவுக்குப் போயிருந்தார். கிளார்க் சார் தாளில் போட்டுக் காட்டினார். இரண்டிலிருந்து ஐந்து லட்சம் வரையிலான 3 லட்சத்துக்கு 10 சதவீதம், 30,000. ஐந்துக்கு மேலே உள்ள பத்தாயிரத்துக்கு மட்டும் 20 சதவீதம், 2,000. கல்விக்கான 3 சதவீதக் கூடுதல் வரியும் சேர்த்து மொத்தம் 32,960. ஆசிரியர் அந்தத் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

சம்பளம் கூடினால் கையில் வருவது குறைந்துவிடும் என்ற நம்பிக்கை படித்தவர்களிடமும் இருக்கிறது. அது பொதுவாகத் தவறு. ஆனால் முற்றிலும் தவறு என்றும் சொல்லிவிட முடியாது. 2019-20ஆம் நிதியாண்டு முதல், கழிவுகளைக் கொண்ட பழைய வரி முறையில் ஒரு பள்ளம் இருக்கிறது. வரிக்குரிய வருமானம் சரியாக 5 லட்சம் என்றால், வர வேண்டிய 12,500 ரூபாய் வரியும் 87ஏ பிரிவின் கீழ் தள்ளுபடியாகிவிடும். ஐந்து லட்சத்து ஆயிரம் ஆகிவிட்டால் தள்ளுபடி முழுவதும் போய், கூடுதல் வரியோடு 13,208 ரூபாய் கட்ட வேண்டும். ஆயிரம் ரூபாய் அதிக வருமானத்துக்குப் பதின்மூன்றாயிரம் வரி. இந்த விளிம்பில் நிற்பவர்களை அவர் டிசம்பரிலேயே கூப்பிட்டுச் சொல்லிவிடுவார். பொது வருங்கால வைப்பு நிதிக் (பி.பி.எஃப்.) கணக்கில் ஒரு ஆயிரமோ இரண்டாயிரமோ கூடுதலாகப் போட்டவர்கள் பதின்மூன்றாயிரத்தைக் காப்பாற்றிக்கொண்டார்கள்.

நிலுவைச் சம்பளம் வரும் ஆண்டுகளில் வேலை இன்னும் கூடும். ஆறாவது ஊதியக்குழுவின் நிலுவை வந்தபோது பலருக்கும் வருமானம் திடீரென்று உயர்ந்தது. அந்தப் பணம் முந்தைய ஆண்டுகளில் வந்திருக்க வேண்டியது. தாமதமாக வந்ததற்காக அதிக வரி கட்டுவது நியாயமில்லை என்பதால் 89ஆம் பிரிவு ஒரு நிவாரணம் தந்தது. எந்தெந்த ஆண்டுக்கு எவ்வளவு என்று பிரித்து, அந்தந்த ஆண்டு விகிதத்தில் வரி போட்டு, வித்தியாசத்தைக் கழித்துக்கொள்ளலாம். அதற்குப் படிவம் 10இ. பக்கத்துப் பள்ளிகளில் பல பேர் இதைக் கேள்விப்பட்டதே இல்லை. பழைய சம்பளப் பட்டியல்களைத் தூசி தட்டி எடுத்து, இரவு விழித்து, ஒவ்வொருவருக்கும் அவர் கணக்குப் போட்டார். அப்போது வரியில் தப்பிய ஆயிரங்கள் எத்தனை வீடுகளுக்கு எதற்குப் பயன்பட்டன என்பதை அவரவர்தான் சொல்ல வேண்டும்.

80சி பற்றி அவர் சொல்லும் ஒரு சம்பவத்தை இன்றைய இளைஞர்கள் கேட்க வேண்டும். 2005ல் பழைய 88ஆம் பிரிவு போய், ஒரு லட்சம் ரூபாய் வரம்போடு 80சி வந்தது. 2014ல் வரம்பு ஒன்றரை லட்சமானது. பங்களிப்பு ஓய்வூதியத் திட்டத்தில் இருந்த இளம் கணித ஆசிரியர் ஒருவர், ஒரு மார்ச் மாதம் ஒரு முகவர் சொன்னதைக் கேட்டு ஆண்டுக்கு 40,000 ரூபாய் பிரீமியம் கட்டும் இருபதாண்டுப் பாலிசியில் கையெழுத்துப் போட்டார். “வரி மிச்சமாகும் சார்” என்பதுதான் முகவர் சொன்ன ஒரே காரணம். அவருடைய கணக்கைக் கிளார்க் சார் எடுத்துப் பார்த்தார். ஓய்வூதியப் பங்களிப்பு 72,000. இரண்டு பிள்ளைகளின் கல்விக் கட்டணம் 36,000. வீட்டுக் கடனில் அசலுக்காகப் போனது 45,000. கூட்டினால் 1,53,000. வரம்பு ஏற்கெனவே தாண்டியிருந்தது. அந்த நாற்பதாயிரத்தால் ஒரு ரூபாய் வரிகூடக் குறையவில்லை.

மூன்றாம் ஆண்டு பிரீமியத்தை அவரால் கட்ட முடியவில்லை. பாலிசி காலாவதியாகிவிட்டது. அவருக்கு உண்மையில் தேவைப்பட்டது வேறு. வீட்டுக் கடன் வாங்கியவர், இரண்டு பிள்ளைகளின் தகப்பன், மனைவிக்கு வருமானம் இல்லை. அவருக்கு ஏதாவது ஆகிவிட்டால் குடும்பம் நிற்கும் அளவுக்கு குறிப்பிட்ட காலத்துக்கான ஓர் ஆயுள் காப்பீடு (டேர்ம் இன்சூரன்ஸ்) வேண்டியிருந்தது. அதற்கு ஆகும் பிரீமியம் நாற்பதாயிரத்தில் ஒரு சிறு பகுதிதான். அதைப் பற்றி யாரும் அவரிடம் பேசவில்லை. வரியை முன்னால் வைத்துக் குடும்பத்தைப் பின்னால் வைக்கும் இந்தப் பழக்கத்தால் நடுத்தர வீடுகள் இழந்தது கொஞ்சமல்ல.

கிளார்க் சார் வீட்டில் குடும்பக் கணக்கு அவர் மனைவியின் கையில் இருந்தது. நாற்பது பக்க நோட்டு ஒன்று, ஆண்டுக்கு ஒன்று. பால், காய், மளிகை எல்லாம் அதில் உண்டு, ஆனால் நோட்டின் முதல் பக்கம் வேறு. ஆண்டுக்கு ஒருமுறையோ இரண்டு முறையோ வரும் செலவுகள் மட்டும் அங்கே இருக்கும். ஜூனில் பள்ளிக் கட்டணமும் சீருடையும், ஆறு மாதத்துக்கொரு முறை தொழில் வரி, வீட்டு வரி, தீபாவளி, நாத்தனார் வீட்டுப் பொங்கல் சீர், ஸ்கூட்டர் காப்பீடு, குலதெய்வம் கோயில் போகும் செலவு, எல்.ஐ.சி. பிரீமியம். எல்லாவற்றையும் கூட்டிப் பன்னிரண்டால் வகுத்து, வரும் தொகையை ஒவ்வொரு மாதமும் தபால் நிலையச் சேமிப்புக் கணக்கில் போட்டுவிடுவார். “மாசச் செலவு நம்மளக் கவுக்காதுங்க. வருசச் செலவுதான் கவுக்கும்” என்று கணவரிடம் சொல்வார். வரிக்கும் அந்தப் பக்கத்தில் ஒரு வரி உண்டு. வருமான வரியை ஒரு செலவாக முன்கூட்டியே எழுதிவைத்த வேறு வீட்டைக் கிளார்க் சார் கண்டதில்லை. பள்ளியில் ஏப்ரல் மாதமே உத்தேசக் கணக்குப் போடும் யோசனை அவருக்கு இந்த நோட்டிலிருந்துதான் வந்தது.

ஓய்வு பெற்றவர்களின் சிக்கல் வேறு வகை. பணிக்கொடை, ஓய்வூதியத் தொகுப்பு என்று கையில் ஒரு பெருந்தொகை வருகிறது. வங்கியில் வைப்பு நிதியாகப் போடுகிறார்கள். வங்கி வட்டியில் பத்து சதவீதம் பிடித்துவிட்டால், வரி கட்டியாயிற்று என்று நினைத்துக் கணக்கில் காட்டாமல் விட்டுவிடுகிறார்கள். ஓய்வு பெற்ற ஒரு தலைமையாசிரியருக்கு அப்படித்தான் நோட்டீஸ் வந்தது. அவருடைய வருமானம் 20 சதவீத அடுக்கில் இருந்தது, பத்துதான் பிடித்திருந்தார்கள். மீதி வரியும் அதற்கு வட்டியும் கேட்டார்கள். பான் எண்ணோடு இணைந்த வட்டி 2021ல் வந்த ஆண்டுத் தகவல் அறிக்கையிலும், அதில் பிடித்த வரி படிவம் 26ஏஎஸ்-லும் தெரிந்துவிடும். கணக்குத் தாக்கல் செய்யும் முன் அந்த இரண்டையும் ஒருமுறை திறந்து பார்த்தால் இப்படிப்பட்ட நோட்டீஸைத் தவிர்க்கலாம். அதுபோல, வரி பிடிக்காமல் இருக்கக் கொடுக்கும் 15எச் படிவத்தை, வரியே வராத மூத்தவர்கள் மட்டும்தான் கொடுக்கலாம். பழைய முறையில் இருக்கும் மூத்த குடிமக்களுக்கு வட்டியில் 50,000 ரூபாய் வரை கழிவு உண்டு என்பது பலருக்குத் தெரியவே தெரியாது.

மனைவி பெயரில் வைப்பு நிதி போட்டால் வரி தப்பிவிடும் என்பது இன்னொரு நம்பிக்கை. கணவர் கொடுத்த பணத்தில் வரும் வட்டி கணவரின் வருமானத்தோடுதான் சேரும். சட்டம் 1961லிருந்தே அப்படித்தான்.

வீட்டு நகை பற்றியும் வீண் பயம் இருக்கிறது. சோதனையின்போது மணமான பெண்ணுக்கு 500 கிராம், மணமாகாத பெண்ணுக்கு 250 கிராம், ஆணுக்கு 100 கிராம் வரை உள்ள நகையைக் கைப்பற்ற வேண்டாம் என்று 1994லேயே நேரடி வரிகள் வாரியம் அறிவுறுத்தியிருக்கிறது. 500 கிராம் என்றால் ஏறக்குறைய 62 பவுன். பாட்டி போட்ட சங்கிலிக்கு ரசீது இல்லையே என்று எந்த ஆசிரியையும் தூக்கம் கெட வேண்டியதில்லை.

2020ல் புதிய வரி முறை வந்தது. பெரும்பாலான கழிவுகள் கிடையாது, விகிதம் குறைவு. 2023-24 முதல் அதுவே இயல்பான முறை ஆகிவிட்டது. பழைய முறை வேண்டுமென்றால் நாம்தான் கேட்டு வாங்க வேண்டும், அதுவும் கெடுவுக்குள் கணக்குத் தாக்கல் செய்து. 2025-26ல் மாற்றம் பெரிது. 4 லட்சம் வரை வரி இல்லை. பிறகு ஒவ்வொரு 4 லட்சத்துக்கும் 5, 10, 15, 20, 25 என்று ஏறி, 24 லட்சத்துக்கு மேல் 30 சதவீதம். வரிக்குரிய வருமானம் 12 லட்சம் வரை இருந்தால் 60,000 ரூபாய் வரியும் தள்ளுபடி. நிலைக்கழிவு 75,000 சேர்த்தால் 12,75,000 ரூபாய் சம்பளக்காரருக்கு வரி பூஜ்யம். முந்தைய ஆண்டு இதே சம்பளத்துக்கு இதே முறையில் 83,200 ரூபாய் வரி இருந்தது.

அந்த ஆண்டு திண்ணைக்கு வந்தவர்களுக்கு அவர் இரண்டு முறையிலும் போட்டுக் காட்டினார். ஒருவருக்கு ஆண்டுச் சம்பளம் 13 லட்சம். பழைய முறையில் ஒன்றரை லட்சம் சேமிப்பு, 2 லட்சம் வீட்டுக் கடன் வட்டி, 25,000 மருத்துவக் காப்பீடு, நிலைக்கழிவு, தொழில் வரி எல்லாம் கழித்தும் வரி 90,480. புதிய முறையில் நிலைக்கழிவு போக 12 லட்சத்துக்கு மேல் உள்ள 25,000 ரூபாயைத் தாண்டி வரி போகக் கூடாது என்ற விதிப்படி, கூடுதல் வரியோடு 26,000. இருபது லட்சம் சம்பளக்காரராக இருந்தாலும், நிலைக்கழிவு உட்பட ஏறக்குறைய ஏழரை லட்சத்துக்கு மேல் கழிவு காட்ட முடிந்தால்தான் பழைய முறை கட்டுப்படியாகும். பெரிய வாடகையும் வீட்டுக் கடனும் சேர்ந்து இருப்பவர்களைத் தவிர மற்றவர்களுக்குப் புதிய முறைதான் நல்லது என்பதில் அவருக்குச் சந்தேகம் இல்லை.

ஆனால் திண்ணையில் கேட்ட ஒரு கேள்வி அவரை உலுக்கிவிட்டது. முன்பு நாற்பதாயிரம் பாலிசியில் மாட்டிய கணித ஆசிரியரைவிட இளையவர் ஒருவர், “இனிமே வரிக்குக் காட்ட வேண்டியதில்லையே சார். பி.பி.எஃப்.ல எதுக்குப் போடணும்?” என்றார். பத்திரம் வாங்கி மகளைப் படிக்கவைத்த அறிவியல் ஆசிரியர் வீட்டில் வரி பயம்தான் சேமிப்பைச் செய்யவைத்தது. இப்போது அந்தப் பயம் போய்விட்டது. வரியும் போய்விட்டது. அதோடு சேமிப்பும் போய்விடுமோ என்பதுதான் அவருடைய கவலை. மிச்சமாகும் பணம் கைபேசித் தவணையிலும் கடன் அட்டையிலும் கரைவதை அவர் பல வீடுகளில் ஏற்கெனவே பார்க்கத் தொடங்கிவிட்டார். இந்தக் கவலை நியாயமானது. அரசு இனி யாரையும் சேமிக்கச் சொல்லி நெருக்காது. வீடுதான் தனக்குத்தானே அந்தக் கட்டாயத்தை உண்டாக்கிக்கொள்ள வேண்டும்.

அந்த இளைஞருக்கு அவர் சொன்ன பதில் கணக்காகவே இருந்தது. பி.பி.எஃப். வட்டி 2025-26ல் 7.1 சதவீதம். புதிய முறையில் போடும் தொகைக்குக் கழிவு கிடையாது, ஆனால் வரும் வட்டிக்கு இன்றும் வரி இல்லை. மகள் பத்து வயதுக்குள் இருந்தால் செல்வமகள் திட்டத்தில் 8.2 சதவீதம், அந்த வட்டிக்கும் வரி இல்லை. 12,75,000 ரூபாய் சம்பளக்காரருக்கு வரியில் மிச்சமான 83,200 ரூபாயை மட்டும் ஒவ்வொரு ஏப்ரல் மாதமும் பி.பி.எஃப்.ல் போட்டுவந்தால், இதே வட்டி நீடித்தால் 15 ஆண்டில் ஏறக்குறைய இருபத்திரண்டரை லட்சம் ரூபாய். சம்பளத்திலிருந்து புதிதாக ஒரு பைசா எடுக்க வேண்டியதில்லை. முந்தைய ஆண்டு வரியாகப் போன பணம்தான் அது.

2026 ஏப்ரல் 1 முதல் 1961ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்தில் 2025ஆம் ஆண்டின் புதிய வருமான வரிச் சட்டம். அதில் பிரிவு எண்கள் வேறு; முந்தைய ஆண்டு, மதிப்பீட்டு ஆண்டு என்ற குழப்பம் போய் ‘வரி ஆண்டு’ என்ற ஒன்றே இருக்கும். எண்கள் மாறினாலும் செய்ய வேண்டியது மாறவில்லை. சம்பளக்காரர்கள் ஏப்ரலிலேயே ஒரு தாள் எடுத்து, இரண்டு முறையிலும் வரியைப் போட்டுப் பாருங்கள். மாதாமாதம் பிடிக்கச் சொல்லி அலுவலகத்தில் எழுதிக் கொடுங்கள். ஆண்டுச் செலவுகளைப் பட்டியலிட்டுப் பன்னிரண்டால் வகுங்கள். குடும்பத்துக்குப் போதுமான ஆயுள் காப்பீடும் மருத்துவக் காப்பீடும் இருக்கிறதா என்று பாருங்கள். போன ஆண்டைவிட வரி குறைந்திருந்தால், குறைந்த தொகைக்கு அந்த மாதமே தபால் நிலையத்திலோ வங்கியிலோ ஒரு கணக்கைத் தொடங்கிவிடுங்கள்.